வில்மா கொடுத்த தண்ணீர்

அமெரிக்காவின் கென்டக்கி மலையிடுக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வில்மா வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஏமாற்றினாள். அதுவும் மரியாதைக்காக.

அவள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் துவைத்தால் வெள்ளைச் சட்டை இரண்டே மாதத்தில் ஆரஞ்சு நிறமாகிவிடும். தண்ணீர் கெட்டது என்று பல்கலைக்கழகம் நிரூபித்தால் அரசாங்கக் குழாய் வரும். அதற்காகப் பேராசிரியை ஹாட்லி மாணவர்களோடு வந்து வீட்டுக்கு ஒரு காலி பாட்டில் கொடுத்துப் போனார். நிரப்பி, பெட்டியில் மூடிவைத்த பாட்டில்களை வில்மாதான் பேருந்தில் சேகரித்து அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து தேவாலயக் கூடத்தில் ஹாட்லி முடிவை வாசித்தார்.

"உங்க தண்ணி ரொம்பச் சுத்தமா இருக்கு," என்றார் குழம்பிய முகத்தோடு. "குழாய் கேக்க வழியே இல்லீங்க."

வில்மாவுக்குக் காது சுட்டது. எழுந்தாள்.

"அம்மா, நான் குடுத்தது கடைத் தண்ணி. வீடு தேடி வந்தவங்க கையில அந்தச் சாக்கடையக் குடுக்க மனசு வரல."

பக்கத்து வீட்டு ஆர்வில் கனைத்தார். "நானும்தான். பாட்டில வேற சோப்புப் போட்டுக் கழுவினேன்."

"நீ குளிக்கவே சோப்புப் போட மாட்டியேய்யா!" என்றாள் வில்மா.

கூடமே சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ஊர் மொத்தமும் நல்ல பிள்ளையாக ஏமாற்றியிருந்தது.

மறுநாள் ஹாட்லி புதுப் பாட்டில்களோடு வில்மா வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுத் தண்ணீர் நிறையும்வரை, அழுக்குத் துணியை விருந்தாளிக்குக் காட்டுகிறவள்போல வில்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியை இறுக்கிக் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உக்காருங்க, காப்பி போடறேன். பயப்படாதீங்க, கடைத் தண்ணிதான்."