லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கு ஒரு காகிதம்

துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பொம்பளை சிரித்தால் வருகிறவருக்குச் சந்தேகம், சிரிக்காவிட்டால் பயம். தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனில், எங்கள் காற்றுத் துப்பாக்கிக் கடையில் நான் இரண்டையும் பார்த்தேன். பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் கால் புண். எட்டாவது வரை படித்த நான்தான் விளக்கேற்றிவிட்டுக் கடையில் உட்காருவேன். சின்னக் குண்டு போடுகிற இந்தத் துப்பாக்கிக்கு அப்போது லைசென்ஸ் தேவையில்லை. தேவையில்லாததைத் தேவையில்லை என்று புரியவைப்பது எவ்வளவு சுகமான வேலை என்று, கடை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

சுடத் தகுந்த பறவை

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். வயலில் கிளி தொந்தரவாம். "துப்பாக்கி தாராளமா வாங்கலாம் அண்ணாச்சி. கிளியைச் சுட்டா ஜெயிலு" என்றேன். மயில்? ஜெயில். கொக்கு? அதுக்கும் ஜெயில். "பின்ன எதைத்தாம்மா சுட?" என்றார்.

சட்டம் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்திருந்தது எலி, பழந்தின்னி வௌவால், காக்கா. பறவை என்று பார்த்தால் காக்கா ஒன்றுதான். சொன்னேன். கையிலிருந்த துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டார்.

"நேத்துதான் எங்கய்யா திவசத்துக்குக் காக்காவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு வச்சேன். இன்னைக்கு அதைச் சுடச் சொல்லுதியளே, நல்லாருக்கும்மா ஒங்க சட்டம்!"

உண்மை பேசிய வாத்தியார்

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், குரங்கை விரட்ட எங்களிடம் ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தார். தேர்தல் வந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிப்பு. அது லைசென்ஸ் துப்பாக்கிக்கு. இவர் பேப்பரை மடித்த கையோடு, துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டார். அவரை யாரும் கேட்கவே இல்லை பாருங்கள்!

தேர்தல் முடிந்து திருப்பிக் கேட்டால், "லைசென்ஸைக் காட்டும்" என்றார்களாம். இல்லை. "எங்க வாங்கினீரு?" மறுநாள் காலையில் எஸ்.ஐ. எங்கள் கடை வாசலில் நிற்கிறார். பின்னாலேயே வந்த வாத்தியார் என்னிடம் பையச் சொன்னார்:

"நான் ஒரு பொய்யும் சொல்லலம்மா. கடைக்கு வழிகூடச் சரியாத்தான் சொன்னேன்."

எழுத்து எங்கே?

எஸ்.ஐ. ஊருக்குப் புதுசு. "லைசென்ஸ்?" என்றார். "இதுக்கு வேண்டாம் சார்." "வேண்டாம்னு எழுத்து எங்க?" கம்பெனி தந்த இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினேன். செய்து விற்கிறவன் வேண்டாம் என்றுதானே சொல்லுவான் என்று அதை ஒதுக்கிவிட்டு, இருந்த ஆறு துப்பாக்கியையும் ஜீப்பில் ஏற்றினார்.

ஆனித் தேரோட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிறவர்கள் அந்த ஆறையும் சொல்லி வைத்திருந்தார்கள். எங்களுக்கு வியாபாரம் என்று இருப்பதே அப்போதுதான். அது போனால் கடையை மூட வேண்டியதுதான். கண் கலங்கி நின்றேன். எஸ்.ஐ. ஆறுதல் சொன்னார்:

"பயப்படாதீங்கம்மா. லைசென்ஸ் வேண்டாம்னு ஒரு லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க, உடனே தந்துருதேன்."

பாரம் இல்லை

கலெக்டர் ஆபீஸில் நாலு நாள் நடந்தேன். லைசென்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு எழுதிக் கொடுக்க அச்சடித்த பாரம் உண்டாம். வேண்டாம் என்பவர்களுக்குப் பாரமே அடிக்கவில்லையாம். ஐந்தாம் நாள் குமாஸ்தாவுக்கே மனசு இளகிவிட்டது.

"லைசென்ஸ் வேணும்னே மனு எழுதுங்கம்மா. 'தேவையில்லை'ன்னு காரணம் காட்டித் தள்ளுபடி பண்ணுதோம். தள்ளுபடின்னா எழுத்துல கொடுத்துத்தானே ஆகணும்!"

தள்ளுபடி

அன்று சாயங்காலம் காந்திமதி அம்மன் சன்னதியில் நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கொடு, கொடு என்று கேட்க, "என் மனுவைத் தள்ளிவிடு தாயே" என்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

அம்மன் கைவிடவில்லை. தேருக்கு இரண்டு நாள் முன்னால், முத்திரை குத்தித் தள்ளுபடி வந்தது. ஸ்டேஷனுக்கு ஓடினேன். எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார்; முத்திரையைத் தடவிப் பார்த்தார். ஆறையும், வாத்தியாருடையதையும் எடுத்துக் கொடுத்தார். வாசல்படி இறங்கும்போது பின்னாலேயே வந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, குவார்ட்டர்ஸ்ல எலித் தொல்லை தாங்க முடியல. நானும் ஒண்ணு வாங்கணும். லைசென்ஸ் ஏதும் வேணுமா?"

மற்ற கடைகளில் லைசென்ஸ் தொங்குகிற இடத்தில், எங்கள் கடையில் தள்ளுபடியான மனு ஒன்று பிரேம் போட்டு, குங்குமப் பொட்டோடு, கடை இருந்த மட்டும் தொங்கியது.