சாயங்கால ரயிலுக்கு வறுத்த காப்பி

அறுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பட்டறை வேலையை விட்டுவிட்டு மாட்டுங்காவில் காப்பிப் பொடிக் கடை போட்டார். "தீபாவளி வரைக்கும் உன் இடத்த வச்சிருக்கேன். கட ஓடலன்னா திரும்பி வந்துரு" என்று பட்டறை மேஸ்திரி சொல்லியிருந்தார். அந்த நாற்றத்துக்கு அவர் மறுபடி போகவே கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மனிதருக்குத் தினம் ஒரு யோசனை உதிக்கும். பொடி வாங்கினால் பலூன் இலவசம் என்றார். தெருப் பிள்ளைகள் எல்லாம் இருப்பதிலேயே சின்னப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு பலூனோடு ஓடின. அடுத்து ஒலிபெருக்கி கட்டினார். அதற்கும் அடுத்து, அரை விலை. கூட்டம் நெரிந்தது. கட்டுப்படியாக வேண்டுமே, சிக்கரியை அள்ளிக் கொட்டினார். எனக்கும் வாயெல்லாம் பல்தான். கடையில் கூட்டம் என்றால் யாருக்குப் பிடிக்காது!

வாடிக்கையாக வாங்கும் பாலக்காட்டு மாமி மறுநாள் காலையில் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"எங்காத்துக்காரர் டம்ளரை அப்படியே வச்சுட்டு ஆபீஸ் போயிட்டார். என்ன பொடி இது? போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணு!"

மாமி போனதும் எனக்கு வந்ததே கோபம்!

"அத்தான், நேத்து வந்த கூட்டத்துல இன்னைக்கு ஒருத்தராவது வந்தாவளா? மாமி வீட்ல தெனமும் காப்பி குடிக்காவ. நம்ம கட அவியளுக்கா, பலூனுக்கா?"

"அப்ப நான் ஒண்ணுமே செய்யக் கூடாதாளா?" முகம் வாடிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"செய்யுங்க. மாமி வீட்டு டம்ளர் காலியாவணும். அதுக்கு எது உதவுதோ அத மட்டும் செய்யுங்க."

இனி ஒரே கலவை, யாருக்காகவும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். இவர் திடீரென்று துள்ளி எழுந்தார்.

"ஏளா, நாம காலைல வறுக்கோம். அப்ப எல்லாரும் ரயிலப் பிடிக்க ஓடுதாவ. சாயங்கால ரயிலுக்கு வறுப்போமா?"

அசந்துபோனேன். காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையை வாசல் பக்கம் நகர்த்தினோம். ஆபீஸ் விட்டு ரயிலிறங்கி வந்தவர்கள் வாசனைக்கு நின்றார்கள், வாங்கினார்கள். பொடியின் ருசி மாறாததால் தீர்ந்ததும் மறுபடி வந்தார்கள். மாமியின் வீட்டுக்காரரும் குடையும் கையுமாக வந்து கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். கடை காலூன்றிவிட்டது.

தீபாவளிக்கு முன்பு மேஸ்திரியே நேரில் வந்தார்.

"என்னடே, எப்ப வார?"

இவர் உருளையைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"வேற ஆளப் போட்டுக்கிடுங்கண்ணே. இப்பப் பேச முடியாது, கொட்ட கருகிரும்."

எனக்கு அங்கேயே குலவை போட்டுவிடலாம் போலிருந்தது. நம்ம ஊரா இது, மாட்டுங்காவாச்சே என்று அடக்கிக்கொண்டேன்.