கேமராவைக் குடுத்துட்டுப் போ

எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் அவளுக்கு ஒண்ணரைக்கண்ணு என்று பெயர். எந்நேரமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் பார்ப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள், அந்த எமகாதகர்கள்? ஊர்வலமோ மறியலோ, அவள்தான் முன்னால் போய் நிற்க வேண்டும். கூட்டத்தின் ஒவ்வொரு முகமும் படத்தில் விழ வேண்டும். பிறகு அந்த முகங்களைத் தேடி வீட்டுக்கு ஆள் போகும். அதனால் போகுமிடமெல்லாம் அவளுக்கு வசவுதான். புருஷன் விட்டுவிட்டு ஓடியபின் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அந்த வேலை. வாங்கிக் கட்டிக்கொண்டு எடுப்பாள்.

அன்று கடைவீதியில் துணிக்கடைப் பெண்களின் போராட்டம். உட்கார ஸ்டூல் வேண்டும், மேலே கைவைக்கும் முதலாளிமீது வழக்கு வேண்டும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. நானும் தடியோடு அவள் பக்கத்தில் நின்றேன்.

"எங்க மூஞ்சியப் புடிச்சு எவன்கிட்டடி காட்டப் போற? நீயும் ஒரு பொம்பளையா?" என்று கத்தினாள் சங்கத் தலைவி, ஒரு தையல்காரி. காறித் துப்பினாள். ஒண்ணரைக்கண்ணின் பூட்ஸ்மேல் விழுந்தது.

அவள் அசையவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. போன மாதம்தான் சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனிமேல் அடக்கினால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார். விடிந்ததும் எங்களை வேனில் கொண்டுவந்து கொட்டினார்களே, நாங்கள் எங்கே போவோம் என்று ஒரு ஜென்மமாவது யோசித்ததா? ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. திறந்திருந்தது எதிரே சங்க ஆபீஸ் மட்டும்தான்.

"முடியலடி, உயிர் போகுது," என்று என்னிடம் சொல்லிவிட்டு நேரே தலைவியிடம் போனாள். "அக்கா, அவசரம். உள்ள விடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இங்கயே போ, நாங்க படம் எடுக்குறோம்!" என்றாள் ஒருத்தி. எனக்கு ரத்தம் கொதித்தது. தலைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கேமராவக் குடுத்துட்டுப் போ."

கேமராவைக் கைவிட்டால் வேலைக்கு உலை. இருந்தும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

வெளியே வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு படத்தையும் அழிக்கவில்லை. கூடுதலாக ஒன்று எடுத்து வைத்திருந்தார்கள், பாவிமக்கள். சங்கப் பலகைக்குக் கீழே, வாசற்படியில், அப்பாடா என்று நிற்கிறாள் ஒண்ணரைக்கண்ணு.

சாயங்காலம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதைத் திரையில் பெரிதாக்கினார். "அவளுங்க ஆபீஸ்ல உனக்கென்ன விருந்தா?"

"ஒண்ணுக்குப் போனேன் சார்."

"பொம்பள பேசுற பேச்சா இது?"

"காலைலேர்ந்து நிக்க வெச்சீங்க. வேற எங்க சார் போறது? நீங்களே சொல்லுங்க." ஆண்கள் எல்லாரும் அவரவர் செல்போனைப் பார்த்தார்கள்.

அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். மறுவாரம் கேமரா என் கழுத்தில். அதே வீதி, அதே பெண்கள். சங்க ஆபீஸ் கதவில் மட்டும் எங்கள் ஆட்கள் பூட்டுப் போட்டு சீல் வைத்திருந்தார்கள். போலீஸ்காரியையே உள்ளே இழுத்துப் பேசிய இடமாம்.

தலைவி என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"பாவம்னு கதவத் திறந்துவிட்டோம் பாரு, எங்களைச் செருப்பால அடிக்கணும். இப்ப நாங்க எங்க போறது? நீ எங்கடி போவ?"

"என்ன பேச்சு அங்க? எடு, எடு!" என்று பின்னாலிருந்து கத்தினார் இன்ஸ்பெக்டர்.

எடுத்தேன்.