காயவைத்த படகு

ஜப்பான்காரன் காலத்தில் நானும் என் புருஷனும் கடல் வழியாக ஓடிப்போகத் திட்டம் போட்டோம். இதைச் சொன்னால் என் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியறியாத இரண்டு பேர், ரப்பர் பால்மரத்தைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழகாத இரண்டு பேர், ஒரு கிழட்டுச் சம்பான் படகை வைத்துக்கொண்டு கடலுக்குக் கிளம்பப் பார்த்தது சிரிக்கிற சங்கதிதான். எங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கூலி வேலை எங்களுக்கு. வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிப்போய்விட்டான். பாலை வாங்க ஆள் இல்லை. பால் வெட்டிய கைகளால் மரவள்ளிக் குச்சி நட்டோம். அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம். ஆனால் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, நல்ல சம்பளம், மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் தேனாகப் பேசினார்கள். போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை. பிறகு பேச்சும் நின்றுபோனது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், கணக்கு எழுதுகிற கிராணி பெயரைக் கூப்பிடுவார், கூப்பிட்டவன் லாரி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் என் புருஷன் பெயரைக் கூப்பிட்டார்கள். பௌர்ணமி கழிந்த மறுநாள் லாரி வரும் என்றார்கள். எனக்கு வயிற்றில் பிள்ளை.

காட்டில் ஒளிந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். எங்களுக்கு முன்னால் ஒருவன் அப்படித்தான் மலைப்பக்கம் போய் ஒளிந்தான். அவன் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். எண்ணிக்கை குறையக் கூடாது, அதுதான் அவர்கள் கணக்கு. ஆகவே போனால் இரண்டு பேரும் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் இருக்க வேண்டும்.

அலோர் ஸ்டாருக்குப் பக்கத்தில், மெர்கோங்கில், என் புருஷனின் அண்ணன் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரனுக்கும் சோறு வேண்டுமல்லவா? ஆலைக்காரர்களைத் தொடுவதில்லை என்று பேச்சு. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்தோம். ஆனால் எப்படிப் போவது? சாலையில் பாலத்துக்குப் பாலம் காவல். ரயிலில்தான் சயாமுக்கு ஆள் ஏற்றினார்கள், அந்தப் பக்கமே போக முடியாது. மிச்சம் இருந்தது தண்ணீர் ஒன்றுதான்.

செமிலிங் ஆற்றோரத்தில் ஒரு மலாய்க்காரர் இருந்தார். சண்டைக்கு முன்னால் சைக்கிளில் கூடை கட்டி எங்கள் லயத்து வீடுகளுக்கு மீன் கொண்டுவருவார். பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மீன் விற்று விற்று எங்கள் பேச்சும் அவருக்கு ஒருமாதிரி வரும். அவரிடம் போய் அழாத குறையாகக் கேட்டோம். நல்ல படகுகளையெல்லாம் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டுவிட்டான். ஒரு பழைய சம்பான் மட்டும் அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடையில் கிடந்தது. கிடந்தது என்றால், பாதிக்கு மேல் தண்ணீருக்குள் முங்கிச் சேற்றில் கிடந்தது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"பழசு. ஆனா நல்ல கட்டை. ஆம்பில் லா, எடுத்துக்க" என்றார்.

சும்மா வாங்க மனமில்லை. துணி கிடைக்காமல் ஊரே சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. என் கூறைப்புடவையைக் கொண்டுபோய் அவர் பெண்டாட்டி கையில் கொடுத்தேன். அந்த அம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி உள்ளே வைத்தாள்.

பாக்சிக் ஒரு குச்சியை எடுத்துச் சேற்றிலே வழியைக் கீறிக் காட்டினார். ஆறு கிளை கிளையாகப் பிரியும். தண்ணீர் எந்தக் கிளையில் வற்றி இறங்குகிறதோ அதோடு போக வேண்டும். தஞ்சோங் டாவாயில் ஆறு கடலில் விழும். அங்கே விடியலில் கரையிலிருந்து காற்று வீசும்போது வெளியேறி வடக்கே திரும்ப வேண்டும். கரையோரத்து மரங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போகவே கூடாது. யானில் இறங்கித் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். பிறகு குவாலா கெடா. அங்கிருந்து ஆற்றோடு உள்ளே போனால் அலோர் ஸ்டார். பௌர்ணமிக்குத் தண்ணீர் பெரிதாக ஏறி இறங்கும், அதோடு போய்விடுங்கள் என்றார். மறுநாளே பிரசவத்துக்கு இருக்கிற மகளைப் பார்க்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டியோடு கிளம்பிப் போனார். பௌர்ணமிக்கு முன்னால் வந்துவிடுவேன், வந்து துடுப்புப் போடக் கற்றுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் வீட்டில் அடுப்புக்கரியால் தரையில் அந்த வழியைக் கீறி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி என் புருஷனைக் கேள்வி கேட்பேன்.

"கடல்ல போறப்ப ஜெராய் மலை எந்தப் பக்கம் இருக்கணும்?"

"சோத்துக்கை பக்கம்."

"மலை பின்னால போயிருச்சுன்னா?"

"யான் தாண்டிட்டோம்னு அர்த்தம். போதும் புள்ள, தூக்கத்துலகூட இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

என்ன எடுத்துப் போவது என்பதில் சண்டை வந்தது. காயவைத்த மரவள்ளி, உப்பு, பால் வாளியில் குடிதண்ணீர். இதில் தகராறு இல்லை. நான் அம்மிக்கல்லையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். போகிற இடத்தில் ஓரகத்தியிடம் போய் அம்மிக்கு நிற்க என்னால் முடியாது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தக் கல்லு ஒண்ணு போதும், நம்ம ரெண்டு பேரையும் அடியில கொண்டு போய்ச் சேர்க்க" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

இனி நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

ஓடையில் கிடந்த சம்பானைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பொருளை இப்படியா சேற்றில் ஊறப்போட்டு வைப்பார்கள்? எங்கள் தொழிலில் ஈரம் என்றால் எமன். பாலை உறையவைத்து எடுக்கும் ரப்பர்த் தகட்டில் கொஞ்சம் ஈரம் நின்றால் பூசணம் பூத்துவிடும். அழுத்திப் பிழிந்து, வெயில் காட்டி, புகைக்கூடத்தில் நாள்கணக்காகத் தொங்கவிட்டால்தான் அது உருப்படியான சரக்கு. பொறுப்பில்லாத மனுஷன், நல்ல கட்டையைப் பாழடித்துவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பக்கத்து வீட்டு அக்காளின் புருஷன் கை கொடுத்தார். அவருக்குக் காலில் புண், அதனால் சயாமுக்குக் கூப்பிடாமல் விட்டுவைத்திருந்தார்கள். மூன்று பேருமாகச் சம்பானை மேலே இழுத்து, தண்ணீரை இறைத்து, சேற்றைச் சுரண்டிக் கவிழ்த்துப் போட்டோம்.

நல்ல வெயில். காயக் காயப் பலகைக்குப் பலகை இடைவெளி விரிந்தது. "பாத்தியா, எவ்வளவு ஓட்டை! நல்லவேளை, இப்பவே கண்டுபிடிச்சோம்" என்றார் என் புருஷன். ஓட்டையை அடைக்க எங்களிடம் என்ன இல்லாவிட்டாலும் பால் இருந்ததே! தண்ணீர் புகாத சாமான் உலகத்தில் ரப்பரை விட்டால் வேறென்ன? யாரும் வாங்காத பாலை வெட்டிக் கொண்டுவந்து இடுக்கெல்லாம் ஊற்றினோம். மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை நாடா நாடாவாக உரித்து உள்ளே திணித்தோம். ஈரக்கட்டையில் பால் பிடிக்காது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இன்னும் காயட்டும் என்று அடியில் தேங்காய்மட்டையைப் போட்டுப் புகையும் மூட்டினோம். இடுக்கு இன்னும் விரிந்தது. இன்னும் பாலை ஊற்றினோம். கடைசியில் சம்பான் வெள்ளை வெள்ளையாகப் பட்டை போட்டுக்கொண்டு நின்றது. அதன் மூக்கில் நான் மஞ்சள் தடவினேன்.

பாக்சிக் சொன்னபடி வந்தார். பௌர்ணமிக்கு முந்தின நாள். நாங்கள் பெருமையாகப் பக்கத்தில் நின்றோம். அவர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அல்லா! யார் இத மேல தூக்கினா?"

"நாங்கதான் பாக்சிக். ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு" என்றார் என் புருஷன்.

அவர் ஒரு இடுக்கில் விரலைவிட்டு ரப்பரை இழுத்தார். அது முழு நீளத்துக்கு உருவிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டை இல்ல லா. நான்தான் தண்ணியில வச்சேன். கட்டை தண்ணி குடிச்சா பெருக்கும், அதுவே வாய மூடிக்கும். நீங்க காயப்போட்டு வாயத் திறந்துட்டீங்க."

"மறுபடி தண்ணியில போட்டா?" என்றார் என் புருஷன்.

"மூடும். பழைய கட்டை, மெல்லத்தான் குடிக்கும். ஒரு வாரம் வேணும்."

எங்களுக்கு ஒரு வாரம் ஏது? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். எங்கள் கதையில் தாழி தானாக உடையவில்லை, நாங்களே தூக்கிப் போட்டு உடைத்தோம்.

அன்றைக்கே தண்ணீரில் இறக்கிப் பார்த்தோம். பாக்சிக் ரப்பரையெல்லாம் பிடுங்கிவிட்டு, கெலாம் மரப்பட்டையைக் கிழித்துக் கிழித்து அடைத்தார். அவரும் என் புருஷனும் ஏறினார்கள். நான் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பாக்சிக் துடுப்புப் போட, இவர் பால் வாளியால் இறைத்தார். இறைத்த கை ஓயவில்லை, தண்ணீரும் ஓயவில்லை. ஆற்று வளைவைக்கூட எட்டவில்லை, இடுப்பளவு சேற்றில் இறங்கி இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஆற்றுக்கே இந்தக் கதி என்றால் கடலுக்கு?

"நாம ரெண்டு பேரும் மாறி மாறி இறைச்சா போயிரலாம். எனக்கு பலம் இருக்கு. வாங்க போவோம்" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "கடல்ல அந்தப் பலம் நின்னுபோனா மூணு உசுரு. சயாமுக்குப் போனா ஒண்ணு. அதுவும் போயேதான் தீரும்னு இல்லியே?"

"போனவன் எவன் வந்தான்? சொல்லுங்க, எவன் வந்தான்?"

நான் அவரைத் திட்டினேன், பாக்சிக்கைத் திட்டினேன், முருகனையும் விட்டுவைக்கவில்லை. பாக்சிக் தலையைக் குனிந்துகொண்டு, சம்பானை மறுபடி ஓடைக்குள் தள்ளி, அது முங்குகிற வரைக்கும் தண்ணீரை மொண்டு மொண்டு அதற்குள் ஊற்றினார்.

பௌர்ணமிக்கு மறுநாள் பெரட்டுக் களத்துக்கு என் புருஷன் தானாகவே நடந்து போனார். காயவைத்த மரவள்ளியை ஒரு துணியில் முடிந்து கொடுத்தேன். லாரியில் ஏறி நின்று, "அண்ணனுக்கு எப்பிடியாவது சொல்லி அனுப்பு. பிள்ளை பொறந்தா அங்க போயிரு" என்றார். சுங்கைப் பட்டாணி ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் பாக்சிக் ஆள் அனுப்பினார். எதற்கென்று தெரியாமல் போனேன். சம்பான் தண்ணீர் மேலே நின்றது. ஏறிப் பார் என்று கையைக் காட்டினார். ஏறி உட்கார்ந்து அடிப்பலகையைத் தடவினேன். ஒரு பொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. "இப்ப போகலாம். உன் புருஷன் எங்க?" என்று கேட்டார். சயாமுக்குப் பயந்து ஓடுகிறோம் என்று அவருக்குத் தெரியும், ஆனால் லாரி எந்த நாள் வரும் என்று எங்களிடம் அவர் கேட்டதுமில்லை, நாங்கள் சொன்னதுமில்லை. சொன்னேன். பெரிய மனுஷன், துடுப்பைக் கரையில் வைத்துவிட்டு அழுதார்.

புண் ஆறியதும் அக்காளின் புருஷன் பெயரையும் கூப்பிட்டார்கள். அவர்கள் இருவரும் அந்தச் சம்பானில்தான் போனார்கள். என் புருஷன் திரும்பினால் இங்கேதான் வருவார் என்று நான் போகவில்லை. வழி எனக்குத்தானே மனப்பாடம்? நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மலை சோத்துக்கை பக்கம் இருக்கணும் அக்கா, மரம் கண்ணுக்குத் தெரியணும், யானில் தண்ணி பிடிச்சுக்குங்க. அவர்கள் மெர்கோங் போய்ச் சேர்ந்தார்கள். என் புருஷனின் அண்ணன்தான் ஆலையில் சேர்த்துவிட்டார். சண்டை முடிந்து பழையபடி தோட்டத்துக்கே வந்தார்கள்.

என் புருஷன் வரவில்லை. எந்த முகாமில், என்ன காய்ச்சலில் என்று சொல்லவும் ஆள் இல்லை. அக்காள் ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரம் கொண்டுவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ போட்ட பிச்சை என் தாலி என்பாள். வாங்கி வைப்பேன். பிள்ளை தின்பான். என்னால் ஒரு துண்டுகூட வாயில் வைக்க முடிந்ததில்லை.