கலைமணி மறந்த ஒரு பாட்டு

எங்கள் வெண்ணந்தூர் ரோட்டில் கலைமணியிடம் வண்டி கழுவ விட்டவர் யாரும் அவள் வாய்க்குத் தப்பியதில்லை. வண்டி சூடாக வந்தால் தண்ணீர் படாது. அது ஆறுகிறவரை ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சைலன்சர் வாயில் பாலிதீன் பையைக் கட்டாமல் பம்பைத் தொடமாட்டாள். எல்லாம் முடிந்து சாவியைக் கொடுக்கும்போது ஒரு பாட்டு உண்டு.

“மில்லு தாண்டி நேர் ரோட்டுல மெதுவாப் போயி, ரெண்டு தடவ பிரேக்கப் புடிச்சுப் பாருங்க. அப்பறமா வேகமாப் போங்க.”

பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் எனக்குப் பதினோரு வருடமாக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவளிடமே பலமுறை நடித்துக் காட்டிக் கேலி செய்திருக்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவளுக்கு மூச்சு விட நேரமில்லை. வரிசையில் பதினெட்டு வண்டிகள். தறி ஓட்டும் தமிழரசு, மனைவி சௌந்தர்யாவோடு கொல்லிமலையிலிருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பியவன், நின்ற இடத்தில் நிற்காமல் அவசரப்படுத்தினான். சாவியை வாங்கியதும் பறந்துவிட்டான். கலைமணி பாட்டை மறந்தாள்.

கால் மணி நேரம் கழித்து அடுத்த வண்டிக்குப் பாலிஷ் போடப் போனவள், கையிலிருந்த மஞ்சள் துணியையே பார்த்தபடி நின்றாள். மஞ்சள் துணி பாலிஷுக்கு, வெள்ளைத் துணி பிரேக் டிஸ்க்குக்கு. இது அவளே போட்ட சட்டம். மஞ்சள் துணியில் டிஸ்க்கின் கறுப்பு ஒட்டியிருந்தது.

“அண்ணா, தமிழு வண்டி டிஸ்க்கப் பாலிஷ் துணியிலயே தொடச்சுட்டனுங்ணா.”

பாலிஷ் ஏறிய டிஸ்க்கில் பிரேக் வழுக்கும். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். என் டிவிஎஸ்ஸில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்து “ரெண்டு உசுருண்ணா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மில்லைத் தாண்டியதும், எதிரே தமிழரசு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் பையோடு சௌந்தர்யா, வெயிலில் முகம் சிவந்து.

“முன் பிரேக்கு வழுக்குதுங்கக்கா,” என்றான். “நல்லவேளை, புடிச்சுப் பாத்தேன்.”

“நாந்தான் இன்னிக்குச் சொல்லவே இல்லியே சாமி.”

“நீங்க சொல்லோணுமா? இந்த எடத்துக்கு வந்தாக் கை தானாப் புடிக்குதுங்க.”

கலைமணி நடுரோட்டில் நின்று அழுதாள்.

டிஸ்க்கை மூன்று முறை சோப்புத் தண்ணீரில் தேய்த்தாள். டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடில் பாலிஷ் ஊறியிருக்கும், கழுவினாலும் நம்ப முடியாது என்று மெக்கானிக்கை வரவழைத்துப் புதுசு மாற்ற வைத்தாள். தானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவி கைமாறியது. இந்த முறை பாட்டை முழுசாகப் பாடினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தமிழரசு கடைசிவரை கேட்டான். நானும் கேலி செய்யவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. “ஊடு வந்து சேந்துட்டமுங்கக்கா.”

அதற்குப் பிறகுதான் கலைமணி மத்தியானத் தூக்குப்போசியைத் திறந்தாள். சோறு விறைத்துப் போயிருந்தது.

“நல்லாருக்குதுண்ணா,” என்று சொல்லிச் சாப்பிட்டாள்.