அப்டேட்டை நிறுத்தியவள்

என் லேப்டாப்பில் தானாக நடக்கும் அப்டேட்டை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கை தவறிப் பட்டு நின்றதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்து, செட்டிங்ஸுக்குள் போய், அதற்கும் உள்ளே போய், எது அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்து முடக்கினேன். மூன்றே நாளில் அது தானே மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. எனக்கு வந்ததே கோபம். மறுபடி முடக்கினேன். இப்போது வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன். அதற்குச் சலிக்காதவரை எனக்கும் சலிக்காது. இருபத்தாறு வருஷமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். பிடிவாதம் பிடிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

என் மகளுக்கு இது பிடிக்கவில்லை. அவள் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் செகந்திராபாத் இந்தியில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டில் அப்படித்தான். "நக்கோ மம்மி, ஐசா நக்கோ கரோ", வேண்டாம், இப்படிச் செய்யாதே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். வைரஸ் வரும், பாஸ்வேர்ட் திருடு போகும், ஊரில் இருக்கிற திருடன் எல்லாம் உன் லேப்டாப்புக்குத்தான் வருவான் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினாள். எல்லாம் சரிதான், நான் மறுக்கவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில், காபி குடித்துவிட்டு, நானே அப்டேட் போட்டுவிடுகிறேன். போடமாட்டேன் என்று சொல்லவில்லையே. எப்போது என்று நான் சொல்வேன், அது சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

அதற்கு அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அன்றைக்கு அது தானாக ஓடியதற்கு முன்னால் ஒரு வாரமாக உன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, நீதான் பிறகு பிறகு என்று தள்ளிவிட்டாய் என்றாள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாரம் நான் எங்கே இருந்தேன் என்று அவளுக்குத் தெரியாதா? என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் அவர் கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். இடையில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, வினாத்தாளை அனுப்ப லேப்டாப்பைத் திறந்தபோது மூலையில் ஏதோ கேட்டது. சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் கிடக்கிற மனுஷனை விட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? பெருக்கல் குறியை அமுக்கிவிட்டு ஓடினேன்.

அப்பா ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு போவன்பள்ளியில் எங்களோடுதான் இருந்தார். ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். கனடாவில் இருக்கிற என் அண்ணனுக்கு எப்படிப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து சேர வழியில்லை. அப்பாவை மூன்று நாள் குளிர்ப்பெட்டியில் வைக்க அவனுக்கே மனசு வரவில்லை.

"எடுத்துருங்க பிள்ள. பெட்டி மூடும்போது மட்டும் எனக்கு அப்பா மொகத்தக் காட்டிரு" என்றான்.

எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் ஜெபம் பண்ணி, பிள்ளைகள் முகம் பார்த்து, பெட்டியை மூடினால் மூடியதுதான். ஆலயத்திலும் திறப்பதில்லை, கல்லறையிலும் திறப்பதில்லை. அதனால் அந்த ஒரு நேரம் தவறினால் வேறு நேரம் கிடையாது. இதை நன்றாக யோசித்துத்தான் போனை நம்பாமல் லேப்டாப்பை எடுத்தேன். பெரிய திரை, நல்ல கேமரா. பெட்டியின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் வைத்து, அப்பா முகம் முழுசாகத் தெரிகிறதா என்று அண்ணனிடம் கேட்டுச் சரி பண்ணினேன். தெரியுது என்றான். போதகர் வேதம் வாசித்தார். அண்ணனும் அங்கே எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

இரண்டாவது பாட்டு பாடும்போது அண்ணன் காணாமல் போனான். திரை நீலமாகிவிட்டது. அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று வந்தது. பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் ஆராதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு முன்னாலேயே ஆலயத்துக்குப் போயிருந்தாள். போன் அடித்தது, அண்ணன்தான். "ஒரு நிமிஷம்ணா, வந்துரும், முப்பது ஆயிருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது நாற்பத்தாறானது, பிறகு அறுபத்தொன்று. அறுபத்தொன்றிலேயே நின்றது. போதகர் மூடலாமா என்று கேட்டார். பன்னிரண்டு மணிக்கு ஆலயத்தில் இருக்க வேண்டும். யாரோ சரி என்றார்கள். நூறு ஆகி, அது பாஸ்வேர்ட் கேட்டபோது பெட்டியில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் திட்டவில்லை. கடைசியில் அப்பா முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டான். அமைதியாக, தூங்குகிற மாதிரி இருந்தது என்றேன்.

பிறகு பல தடவை கேட்டான். அப்பாவின் பிறந்தநாளுக்குக் கேட்டான், கிறிஸ்துமஸுக்குக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். நெற்றியில் சுருக்கமே இல்லை என்றேன், வாய் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது என்றேன். நன்றாகத்தான் சொன்னேன்.

போன மாதம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் வாரா வாரம் அப்டேட்டோடு சண்டை போடுவதை மகள் அவனிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் எழுந்து போனபிறகு அண்ணன் கேட்டான்.

"அது மேல ஒனக்கு ஏன் பிள்ள இவ்வளவு கோவம்? பாக்காதது நான்தானே."

அதற்குமேல் எனக்கு முடியவில்லை.

"நானும் பாக்கலண்ணா" என்றேன். "லேப்டாப் அப்பாவப் பாத்து இருந்துச்சு. அதுக்கு முன்னால குத்தவச்சு நான் அந்த நம்பரப் பாத்துட்டு இருந்தேன். அப்பா என் முதுகுக்குப் பின்னால. திரும்பவே இல்ல. கையில போன் இருந்துச்சு, அதுலயும் கேமரா இருந்துச்சு. அணைக்காதேன்னு அது சொல்லிச்சு, நான் அப்படியே இருந்துட்டேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். "நீயாவது பாத்தேன்னு நெனச்சுதான் நான் மனசத் தேத்திட்டு இருந்தேன்" என்றான்.

அதற்குப் பிறகும் அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை. வெகுநேரம் நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.