பச்சை வயிற்று விமானம்

பிற்பகல் மூன்றேகால் மணிக்குச் செய்தி வந்தபோது, சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு போர் விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அதன் பக்கத்தில், பெயின்ட் டப்பாக்களை நகர்த்தி உண்டாக்கிய ஒரு சாண் இடத்தில் தட்டை வைத்து அவள் தாமதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அழைத்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி.

"அக்கா, சாப்டாச்சா?" என்றார்.

"சாப்டுட்டுதான் இருக்கேன். என்ன விஷயம்?"

"மெதுவா சாப்டுங்க. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார். பிறகு மனசு கேட்காமல் அவரே மறுபடி அழைத்து உண்மையைச் சொன்னார். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் முதலில் கையைக் கழுவினாள். அடுத்து ஜன்னலைச் சாத்தினாள். வயிற்றில் அடித்த வண்ணம் காய்கிறவரை தூசி படக் கூடாது, ஜன்னலைச் சாத்தி வை என்று காலையில் கிளம்பும்போது அவர் சொல்லியிருந்தார். அவள் வழக்கம்போல மறந்திருந்தாள்.

தெருவில் அவருக்கு ஏரோப்ளேன்காரர் என்று பெயர். அவர் ஏரோப்ளேனில் ஏறியதில்லை. உண்மையில் எதிலுமே ஏறியதில்லை. வீட்டில் பல்பு போனால் முக்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது அவர் வேலை, ஏறி மாட்டுவது அவள் வேலை. கீழே நின்றுகொண்டே, "பாத்து, பாத்து" என்பவருக்கே தலை சுற்றும். அப்படிப்பட்டவர்தான் ராத்திரி சாப்பாட்டின்போது, எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் எந்திரம் நின்றுபோனால் விமானி என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவார். "முதல்ல இந்தத் தட்டை எடுத்துக் கழுவப் போடணும்" என்பாள் அவள்.

எல்லாம் மகளால் வந்த வினை. ஏழு வயதில் அவள் பொம்மை விமானம் கேட்டாள். இவர் கடைக்காரன் பேச்சைக் கேட்டு, துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் மாதிரி விமானத்தை வாங்கி வந்தார். நாமே ஒட்டி, நாமே வண்ணம் அடித்துக்கொள்ள வேண்டியது. அது முடிந்து மகள் கையில் கிடைத்தபோது அவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதைக்கூட அவர் முழு மனசோடு கொடுக்கவில்லை. "விளையாடாதே, வச்சுப் பாரு" என்றுதான் கொடுத்தார்.

அதன்பின் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் படையில் சேர்ந்தன. மனைவியின் புருவம் திருத்தும் சாமணம் போனது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போனது. கடைசியில் சாப்பாட்டு மேசையே போனது. "இந்த ஒண்ணு முடிஞ்சதும் மேசை உன்னுது" என்று ஒவ்வொரு விமானத்துக்கும் சத்தியம் செய்தார். விமானம் எதுவும் முடிந்தால்தானே. ஒன்றில் இறக்கையின் ஆணித் தலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் ஒரு வரிசை மழுங்கிவிட்டது என்று தூக்கிப் போட்டார். யார் கண்ணுக்குத் தெரியும் என்று அவள் கேட்டாள். "எனக்குத் தெரியுமே" என்றார். இன்னொன்றில் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். விமானம் நாற்காலியில் இருந்தது.

ஆகவே மாதிரி விமானக் கழகத்தின் வருடாந்தரக் கண்காட்சியில் அவருடைய விமானம் ஒன்றுகூட நின்றதில்லை. ஒவ்வொரு வருடமும் போவார், மற்றவர்களுடையதைப் பார்ப்பார், திரும்பி வந்து, "அடுத்த வருஷம் என் பேரு எழுதின அட்டை அந்த மேசையில நிக்கும் பாரு" என்பார். நின்றது அவர் மட்டும்தான், வேடிக்கை பார்ப்பவர்கள் வரிசையில்.

கழகத்தின் தலைவரைத் தளபதி என்று கூப்பிடுவார்கள். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. பால் பண்ணையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காதைத் தொடும் முறுக்கு மீசையும், துணி வெளுக்கும் கடைக்கு மேலேயுள்ள கழக அறையின் சாவியும் அவரிடம் இருந்தன. பதவிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏரோப்ளேன்காரர் கடைசியாகக் கட்டிக்கொண்டிருந்த ஒற்றை இருக்கைப் போர் விமானத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு என்பது கழகத்தின் நம்பிக்கை. சேற்றில் மூக்குக் குத்தி, வயிறு தெரிய நிற்கும் படம். அந்த வயிற்றின் நிறம் பச்சை கலந்த நீலம் என்றார் இவர். சாம்பல் கலந்த நீலம் என்றார் தளபதி. படமோ கறுப்பு வெள்ளை. அதை யாராவது ஞாபகப்படுத்தினால் இரண்டு பேரும் ஒற்றுமையாக அந்த ஆளின் மேல் பாய்வார்கள். மற்ற நேரமெல்லாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் அகப்பட்ட பல் டாக்டர் மூலமாகவே பல வருடங்களாகப் பேசிவந்தார்கள்.

"டாக்டர், அவரைக் கண்ணாடி மாத்திக்கச் சொல்லுங்க."

"டாக்டர், நான் கண்ணாடிக் கடையில இருக்கறவன். யாருக்குக் கண்ணாடி மாத்தணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

அந்த வாரமே தளபதி தன் கண்ணாடியை ஊரின் மறுகோடிக் கடையில் மாற்றிக்கொண்டார். அது அவர் மூக்கில் கடைசிவரை சரியாக உட்காரவே இல்லை.

துக்கம் கேட்கத் தளபதியும் பல் டாக்டரும் சேர்ந்துதான் வந்தார்கள். வந்தவர்களுக்கு இடம் வேண்டுமென்று மகள் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தாள். விமானத்தின் வாலைப் பிடித்து அவள் தூக்கப் போனபோது, அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா வாயைத் திறந்தாள்.

"வால்ல பிடிக்காதே. இறக்கை உடம்போட சேர்ற இடத்துல பிடி."

மகள் கையை எடுத்துவிட்டாள். "உனக்கு எப்படிம்மா இதெல்லாம்?"

"உங்கப்பா வேற எதைப் பேசியிருக்காரு?"

தளபதி கைகூப்பினார். "பெரிய இழப்பும்மா. கழகத்துக்கே கை ஒடிஞ்ச மாதிரி" என்றார். முகம் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கண் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால் போய் மேசையில் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அவரே நகர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தார். குனிந்தார்.

"பச்சைதான் அடிச்சிருக்காரு" என்றார், மெதுவாக.

"தளபதி, இன்னிக்கு வேண்டாம்" என்றார் பல் டாக்டர்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. பச்சையா இருக்குன்னேன். அவ்வளவுதானே?"

பல் டாக்டரின் கண் வேறு ஒன்றில் நின்றது. பெயின்ட் மூடி ஒன்றில் வெள்ளை மாத்திரைகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் ஜரிகைத் தாள் உரித்தெடுத்த மாத்திரை அட்டைகள். விமானியின் இருக்கைப் பட்டைக்கு அந்தத் தாளைவிடப் பொருத்தமானது கிடையாது என்று ஏரோப்ளேன்காரர் சொல்வதுண்டு. மாத்திரைகள் இரத்த அழுத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தவை. தாளை முதலில் உரித்துக்கொள்வார், மாத்திரையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று மூடியில் வைப்பார். அவள் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள். பட்டை சரியாக மடங்காமல் பாழாய்ப்போன தாள்கள் நிறைய இருந்ததை, மூடியில் இருந்த குவியல் சொன்னது. பல் டாக்டர் அதன் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். அவள் பார்த்துவிட்டாள் என்பது தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. மாத்திரைகளைப் பற்றி அந்த வீட்டில் அதன்பின் யாரும் பேசவில்லை.

அவர்கள் கிளம்பும்போது அவள் தளபதியிடம் கேட்டாள். "அடுத்த மாசக் கண்காட்சியில இதை வைக்கணுங்க. அவர் பேரு போட்டு."

தளபதி தொண்டையைச் செருமினார். விதிகள் இருந்தன. எழுதியவர் அவர்தான். முடிக்கப்படாத விமானத்தைக் கண்காட்சியில் வைக்கக் கூடாது என்பது ஒரு விதி. இதில் இன்னும் ரேடியோவுக்கான ஏரியல் கம்பி கட்டவில்லை, விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டின் மேல் ஒட்டிய டேப்பை உரிக்கவில்லை.

"அப்ப நீங்க யாராவது முடிச்சுக் குடுங்க."

அதற்கும் ஒரு விதி இருந்தது. ஒருவர் பேரில் வைக்கும் விமானத்தில் இன்னொருவர் கை படக் கூடாது.

"முடிக்காம வைக்கக் கூடாது. முடிக்கவும் கூடாது" என்றாள் அவள். "செத்துப்போனவங்க திரும்பி வந்து முடிச்சா சேத்துக்குவீங்களா?"

"அதுக்கு விதி இல்லைம்மா" என்றார் தளபதி. கிண்டல் செய்கிற ஆள் இல்லை அவர். உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார்.

பத்து நாள் கழித்துத் தளபதி மறுபடி வந்தார். இந்தத் தடவையும் பல் டாக்டரைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார். கழகம் கூடிப் பேசியதாம். டேப் உரிப்பது வேலை ஆகாது, பெட்டியைப் பிரிப்பது மாதிரிதான் என்று ஒரு மனதாக முடிவாகியிருந்தது. ஏரியல் கம்பியைப் பற்றி முடிவாகவில்லை. விமானத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் பார்க்கிறேன் என்றார்.

"எடுத்துட்டுப் போனா திரும்பி வரும்போது வயிறு என்ன நிறத்துல இருக்கும்?" என்றாள் அவள்.

பல் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"என்னை அப்படி நினைக்கிறீங்களே."

"நான் நினைக்கலை. அவர்தான் நினைச்சாரு. இங்கேயே உக்காந்து உரிங்க. நான் இருக்கேன்."

தளபதி உட்கார்ந்தார். அவள் தன் சாமணத்தை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் டேப்புத் துண்டுகள் ஒவ்வொன்றும் நகத்தில் பாதிகூட இல்லை. வண்ணம் அடிக்கும்போது கண்ணாடியில் படாமலிருக்க ஒட்டியவை. கூண்டை ஒட்டி மூடிய நாளிலிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கணவர் யாருக்கும் காட்டியதில்லை. அவளும் கேட்டதில்லை. தளபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரித்தார். மூக்கிலிருந்து வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளினார். கடைசித் துண்டு வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஏரோப்ளேன்காரரின் பூதக்கண்ணாடிக்குக் கை நீட்டினார்.

உள்ளே விமானி உட்கார்ந்திருந்தார். மாத்திரைத் தாளில் செய்த பட்டைகள் அவர் தோளில் இறுக்கமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் பொருந்தியிருந்தன. தொப்பிக்குக் கீழே ஒரு மிளகு அளவு முகம். அந்த முகத்தில், ஒற்றை மயிர்த் தூரிகையால் தீட்டியது, காதைத் தொடும் முறுக்கு மீசை.

அவளும் பார்த்தாள். பல் டாக்டரும் பார்த்தார்.

"மீசையைக் கொஞ்சம் பெருசா வச்சுட்டாரு" என்றார் தளபதி.

"அளவு சரியாதான் இருக்கு" என்றார் பல் டாக்டர்.

"டாக்டர், நாப்பத்தெட்டுல ஒரு பங்குக்குக் கணக்குப் பண்ணினா இது பெருசு. அவர்கிட்ட..." சொல்லுங்கள் என்று வழக்கம்போல முடிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

அது மரியாதையா, நையாண்டியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கேலி செய்யத்தான் தீட்டியிருப்பார் என்று அவள் உள்ளூர நினைத்தாள். கேலிக்காக ஒரு மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா என்றும் நினைத்தாள். இருப்பார். அவர் அப்படித்தான்.

தளபதி சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். வருடக்கணக்காக அதை எடுத்தாலே சண்டைதான், அந்தப் பழக்கத்தில் பல் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தளபதி பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுல ஏரியல் கம்பியே தெரியலையே" என்றார்.

"பழைய படம். அவ்வளவு மெல்லிசு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்? குண்டடி பட்டு அறுந்திருக்கும். சேத்துல விழுந்த விமானம் டாக்டர் இது. கம்பி இருந்தாதான் தப்பு." பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். பால் பண்ணையில் கோப்பில் கையெழுத்துப் போடும்போது இப்படித்தான் நிமிர்ந்திருப்பார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் விமானத்தை முடிச்சுட்டாரு. படத்துல இருக்கற மாதிரியே முடிச்சிருக்காரு."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா வயிறு சாம்பல் நீலம்தான்" என்றார் தளபதி, எழுந்துகொண்டே. "அதுல மாத்தம் இல்லை."

கண்காட்சியில் விமானம் மூக்கை நீட்டி முன் வரிசையில் நின்றது. பச்சை வயிறு கண்ணில் படாமல் இருக்கும்படி மிகவும் தாழ்வான மேசையில் அதற்கு இடம் ஒதுக்கியவர் தளபதிதான். அட்டையில் பேர் இருந்தது. மகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏரியல் கம்பி இல்லாதது குறை என்று வெளியூரிலிருந்து வந்த நடுவர் சொன்னாராம். தளபதி அவரை அறை மூலைக்குக் கூட்டிப் போய்ப் படத்தைக் காட்டினாராம், நடுவர் சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டாராம்.

விமானம் இப்போது பழையபடி சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மேசை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அவள் சமையலறையில் உட்கார்ந்தே சாப்பிடுகிறாள்.

ஏரியல் கம்பிக்கு அவர் எப்போதும் அவள் தலைமுடியைத்தான் எடுப்பார். அந்த அளவுக்கு அதைவிடச் சரியான கனம் கிடையாது என்பார். சீப்பில் சிக்கியது சுருண்டிருக்கும், ஆகாது. நேராக ஒன்று வேண்டும். கடைசி நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரே ஒரு முடி குடும்மா. கறுப்பா பாத்து."

"கறுப்புக்கு எங்க போறது? அடுப்புல வேலையா இருக்கேன். சாயந்தரம் வந்து எடுத்துக்கோங்க."

"நரைச்சதா இருந்தாலும் பரவாயில்லை. எஃகு மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

கண்காட்சி முடிந்து வந்த அன்று அவள் கண்ணாடி முன் நின்று, நேரான நரைமுடி ஒன்றைத் தேடிப் பிடுங்கினாள். அதன் இரண்டு நுனியிலும் மஞ்சள் டேப் ஒட்டி, மேசை விளிம்பில் வைத்திருக்கிறாள். கூண்டுக்குப் பின்னாலுள்ள சின்னக் கம்பத்திலிருந்து வால் வரை அதைக் கட்ட வேண்டும். இன்னும் கட்டவில்லை.